ஐந்து எபிசோடு, முப்பத்தெட்டு நிமிடம்

'லேக்' என்ற வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டீக்கடையில், பஸ்ஸில், யூடியூபில் விமர்சனம் சொல்கிறவர்கள் வாயில், எங்கே திரும்பினாலும் அதுதான். படம் லேக். இரண்டாம் பாதி லேக். ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் லேக். எங்கள் தொழிற்சாலையில் இந்த வார்த்தையை அதிகம் சொன்ன ஆள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொள்ளும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் கட்டிங் வேலை. தோலை மேஜையில் விரித்து, விளக்குக்கு அடியில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கீறி ஆறிய தழும்பு, கழுத்துச் சுருக்கம், எது இருந்தாலும் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். பிறகு வட்டத்தில் படாமல் அச்சை வைத்து வெட்ட வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டில் ஒருவர் புது பெல்ட் போட்டுக்கொண்டு வந்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன் பெல்ட்டில் தழும்பு தேடுகிற அளவுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

எங்கள் பிரிவில் ஆறு பேருக்கு ஒரு பைத்தியம் உண்டு. விண்வெளிக் கதை ஒன்று. மூன்று படங்களாக வந்து, பிறகு ஓடிடியில் சீசன் சீசனாக நீண்டது. நாங்கள் அதைக் 'கப்பல்' என்போம், வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே பெயர்தான். கப்பலின் கேப்டன் ஒரு பெண். அவள் கணவன்தான் கப்பலை ஓட்டுகிறவன். எதிரி, ஊர் ஊராக எரிக்கிற ஒரு ஜெனரல். மதியச் சாப்பாட்டு அரைமணி நேரம் முழுக்க இந்த மூன்று பேரைப் பற்றித்தான் பேசுவோம். சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது.

என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டவர் என் மச்சான், அக்காவின் கணவர். எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பை நாற்காலிமேல் வைத்து மூவரும் பார்ப்போம். அக்காவை நான் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். ஆபா அதிகம் பேச மாட்டாள். எபிசோடுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அதிகம். ஒருமுறை, "இந்தக் கேப்டன் மூணு சீசன் கழிச்சு இன்னைக்குத்தான் மத்தவங்களோட உக்காந்து சாப்பிடறா, கவனிச்சியா?" என்றாள். நான் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். முதல் சீசனிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுகிறவள், அன்றைக்குத்தான் பெஞ்சில் வந்து உட்காருகிறாள். யாரும் அதைப் பற்றி வசனம் பேசவில்லை. பாத்திரம் வளர்வது என்றால் அதுதான் என்று மறுநாள் மதியம் நான் பெரிய மேதை மாதிரி விளக்கினேன். அக்கா சொன்னாள் என்று சொல்லவில்லை.

நான்காவது சீசன் வருவதற்கு மூன்று வாரம் முன்பு மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தொன்பது வயது. ஆபா மாடியிலேயே இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டோடு இருக்க வேண்டும். புருஷனை இழந்த பெண்ணுக்கு எங்கள் மார்க்கம் கொடுத்த காலம் அது. அந்த நாட்களில் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

சீசன் வந்ததும் நான் லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப் போகவில்லை. அவளே கேட்டு வாங்கினாள். "இத்தாவுல இருக்கிறவ படம் பாக்கலாமா?" என்று அம்மா முணுமுணுத்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தோம். இரண்டாவது எபிசோடில் கேப்டனின் கணவன் செத்துப்போனான். நிறுத்தப் போன என் கையை ஆபா தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து எபிசோடு கேப்டன் ஒன்றுமே செய்வதில்லை. தண்ணீர் இல்லாத ஒரு கிரகத்தில் தங்கி, கெட்டுப்போன ஒரு பம்பைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். கப்பலிலிருந்து கூப்பிடுகிறார்கள், பதில் சொல்வதில்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை, கப்பல் பறக்கவில்லை. எங்கள் குழு கொதித்துப் போயிற்று.

"இன்னாபா இது, பம்பு ரிப்பேர் பாக்கவா நாம காசு கட்றோம்?" என்றார் என் பக்கத்து மேஜைக்காரர். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பம்ப் ரிப்பேர் அவர் நிலத்திலேயே நடக்கிறது, பாவம்.

"கேரக்டரையே நாஸ்தி பண்ணிட்டானுங்க. மூணு சீசனா கல்லு மாதிரி இருந்தவ, இப்ப பார்த்தா உக்காந்துகினே இருக்கா" என்றான் இன்னொருவன்.

நானும் எழுதினேன். நீளமாக எழுதினேன். கதையின் வேகம் செத்துவிட்டது, ஒரே எபிசோடில் முடிக்க வேண்டியதை ஐந்தாக இழுத்துவிட்டார்கள், எழுதுகிறவனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. மற்ற ஐந்து பேரும் கட்டைவிரல் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தால் அந்த விரல்களை முறிக்கத் தோன்றுகிறது, என்னுடையதையும் சேர்த்து.

ஏன் தெரியுமா? இதே கூட்டம் மூன்றாவது சீசனில் என்ன சொன்னது? ஊர் ஊராக எரித்த அந்த ஜெனரல் மனம் திருந்துவதற்கு ஒரு முழு சீசன் எடுத்துக்கொண்டான். பத்து எபிசோடு. ஜன்னல் ஓரம் நின்றான், மழையைப் பார்த்தான், பழைய போட்டோவைப் பார்த்தான். 'இன்னா கேரக்டர் ஆர்க்குடா, செதுக்கியிருக்கான்' என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினோம். கொலைகாரனுக்கு வருத்தப்பட பத்து எபிசோடு கொடுக்க எங்களுக்கு மனம் இருந்தது. புருஷன் செத்தவளுக்கு ஐந்து கொடுக்க வயிறு எரிந்தது. இதை அன்றைக்கு ஆறு பேரில் ஒருத்தனும் கேட்கவில்லை. சினிமா பேச்சில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்ற திமிர் வேறு.

அந்தத் திமிரில்தான் அடுத்த வேலையைச் செய்தோம். ஐந்து எபிசோடுகளையும் நாங்களே வெட்டிச் சரிசெய்வது என்று முடிவாயிற்று. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு எடிட்டிங் கொஞ்சம் தெரியும் என்பதால் கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்க்க நான்தான் மேஸ்திரி. ஒவ்வொருவரும் நோட்டில் நிமிடக் கணக்கோடு குறை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சில்வர் பேனாவாலேயே எழுதியிருந்தார். தோலைப் பார்ப்பது போலவே பார்த்தோம். அழுகையா, வட்டம் போடு. பம்ப்பா, வட்டம் போடு. சும்மா வானத்தைப் பார்க்கிறாளா, அதற்கும் ஒரு வட்டம். தழும்பு எங்கே இருந்தாலும் அதை விட்டு வெட்டித்தானே எங்களுக்குப் பழக்கம்.

நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியது முப்பத்தெட்டு நிமிடமாக வந்து நின்றது. தொழிற்சாலையில் உள்ளங்கை அகலத் தோல் கூடுதலாகக் கழிவில் போனால் சூப்பர்வைசர் மேஜைக்கு வந்து நிற்பார். இங்கே மூன்றரை மணி நேரத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டோம்.

அதை ஆபாவிடம் கொண்டுபோனேன். அவள் ஐந்தில் மூன்றுதான் பார்த்திருந்தாள். மிச்சத்தை எப்போது போடட்டும் என்று கேட்டால், "அவசரம் இல்ல, இருக்கட்டும்" என்பாள். அவளுக்கும் அலுத்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இத்தா தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. "ஆபா, நாங்களே வெட்டினது. பேஜார் எதுவும் இல்ல, சட்டுனு முடிஞ்சிடும்" என்று போட்டுக் காட்டினேன்.

கணவன் செத்தான். கேப்டன் ஒருமுறை முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்தாள். சீருடை போட்டாள். கப்பலில் ஏறினாள். பக்கத்து நாற்காலியில் புது பைலட் ஒருவன் உட்கார்ந்து ஏதோ ஜோக் சொன்னான், அவளும் சிரித்தாள். முடிந்தது.

ஆபா என் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலை ஆபா. சும்மா உக்காந்துட்டு இருந்தா. அதான் எடுத்துட்டோம்."

"ஓ." லேப்டாப்பை மூடினாள். "வாணியம்பாடிக்காரங்க என்னிக்கு வர்றாங்க?"

வாணியம்பாடியில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். தோல் வியாபாரம், நல்ல குடும்பம். ஒரு மாதம் முன்பு அவருடைய அக்கா எனக்குப் போன் செய்து, கல்யாணப் பேச்சை எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். இத்தா முடிந்த முதல் வெள்ளிக்கிழமை வந்து பெண்ணைப் பாருங்கள் என்று தேதியே கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கும் சம்மதம். ஆபாவிடம் சொன்னால்தானே குற்றம், நமக்குள் பேசி வைத்தால் என்ன என்று ஒரு சமாதானமும் கண்டுபிடித்திருந்தேன். மாடிப்படியில் நின்று அந்தப் போனைப் பேசினேன். அவள் ஜன்னல் அதற்கு நேர் மேலே இருக்கிறது.

"உன் நல்லதுக்குத்தானே பண்றோம்!" என்று கத்தினேன். தப்பு செய்தவனுக்குத்தான் முதலில் குரல் ஏறும்போல. "காலம் பூரா இப்படியே உக்காந்திருக்கப் போறியா?"

"நாலு மாசம் பத்து நாள். அதக்கூட என்னை முழுசா உக்கார உடல நீ" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு இறங்கியிருப்பேன்.

மறுநாள் மதியம் அந்த ஆத்திரத்தை முழுக்கக் குழுவின் மேல் கொட்டினேன். வெட்டிய வீடியோவை அழித்துவிட்டேன் என்று சொன்னதும் மேஜையைச் சுற்றிக் கூச்சல். ஜெனரலுக்குப் பத்து, இவளுக்கு ஐந்து கூட இல்லையா என்று கேட்டேன். "அவன் திருந்தறான், அதுல டெவலப்மென்ட் இருக்கு. இவ சும்மாதானே இருக்கா, அதுல இன்னா டெவலப்மென்ட்?" என்றார் ஒடுகத்தூர்க்காரர், நிஜமாகவே புரியாமல். சும்மா இருந்து பார்த்திருக்கிறீர்களா, ஒரு நாள் முழுக்க, பக்கத்தில் இருந்த ஆள் இல்லாமல் என்று கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடினார். யாரோ, "இவனுக்கு இன்னா ஆச்சு, நேத்து வரைக்கும் இவன்தானே லேக்குன்னான்" என்றார்கள். நியாயமான கேள்வி. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. குழுவிலிருந்து வெளியேறினேன்.

ஆனால் வாணியம்பாடிக்கு நான் போன் செய்யவில்லை. மேஜையில் அவ்வளவு முழங்கியவன், அந்த ஒரு போனைச் செய்யவில்லை. கொடுத்த வாக்கு, அம்மாவின் முகம், நல்ல இடம் கை நழுவிப் போய்விடுமே என்ற பயம். நாளைக்குச் செய்யலாம் என்று ஐந்து வாரம் தள்ளினேன். தினமும் மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஆபா தட்டை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

இத்தா முடிந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வாணியம்பாடி அக்காவே கூப்பிட்டுவிட்டார். நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிந்து கிளம்புகிறோம், எட்டு பேர் வருகிறோம் என்றார். அம்மா எதிரே நின்று, சரி என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினார். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். அம்மா பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நிற்கவில்லை.

ஆபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மச்சானின் சட்டைகள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆபா, அவங்கதான். நாளைக்கு வர்றாங்களாம். நான் இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் பேசறேன். நாளைக்கு நீங்க வர வேணாம்." எதிர்முனை ஏதோ கேட்டது. "எப்பன்னு எனக்கே தெரியாதுங்க. தெரியாதத எப்படி சொல்றது? நீங்க வேற நல்ல இடமா பாருங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். எனக்காக துஆ செய்ங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். இதற்காகவா இத்தனை வாரம் தூங்காமல் கிடந்தேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"இவ்ளோ சுலபமா சொல்லிட்ட" என்றேன்.

அவள் இன்னொரு சட்டையை எடுத்து உதறினாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி என்னாண்ட கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேனேடா."