பஞ்சுப் பொதி ஏறிய வழி

பேச்சியக்கா இறந்துபோன செய்தியைச் சொன்ன அதே போனில், நம் நூலகக் கமிட்டிக்காரர் ஒருவர் இன்னொன்றும் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தப் பக்கவாசல் பலகைய எடுத்துட்டு வண்டி நிறுத்திக்கிடலாமா? இனி யாரு வரப்போறா?" எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிந்தித்தான் வந்தது.

கோவில்பட்டியில் நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். வயதில் மூத்த நான் உட்பட ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். இளம்பிள்ளை வாதம் தின்ற கால்கள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. நூலகமோ ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிய பழைய கிட்டங்கி, வாசலில் ஏழு கற்படிகள். அந்தக் கட்டிடத்தைப் பாதுகாக்கும் கமிட்டிக்கு நான் செயலாளர். சாய்தளம் கேட்டு அக்கா தந்த மனுக்களை, பழமை கெடும் என்று எழுதித் திருப்பியவன் நானேதான். வேறு யாரையும் கைகாட்டப் போவதில்லை.

ஓர் ஆண்டுவிழாவன்று பெரிய மனது பண்ணி, அவரை வண்டியோடு தூக்கிவர நாலு பேரை அனுப்பினேன். கடை வாசலிலேயே அவர்களை நிறுத்தி, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலு பேர் தூக்க நான் என்ன சப்பரமா? நானா வருவேன். இல்லன்னா வரல." விழா முடியும்வரை எதிரே இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை.

பிறகு, உதவுகிறேன் என்று ஒரு காண்டிராக்டர் படியை உடைக்க மெஷினோடு வந்தார். வண்டியைக் குறுக்கே போட்டு மறித்ததும் அக்காதான். படி அங்கனயே கிடக்கட்டும், எனக்கு வழிதான் வேணும் என்றார். என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு நகலை நீட்டினார். விழா மலருக்காக நகலெடுக்க நானே அவரிடம் கொடுத்த, நூலகக் கட்டிடத்தின் பழைய போட்டோ. பக்கவாசலில் ஒரு கல் சரிவு. இரண்டு ஆட்கள் அதில் பஞ்சுப் பொதியை உருட்டி ஏற்றுகிறார்கள். அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியவன் நான். எழுதினேனே தவிர, பார்க்கவில்லை.

"பொதி போன வழியில மனுஷி போனா பழமை கெட்டுருமோ, அண்ணாச்சி?" என்றார்.

நாங்கள் சல்லி கொட்டி மூடி, பைக் நிறுத்திவந்த இடம் அது. தோண்டினோம். சரிவு அப்படியே இருந்தது. கல்லில் ஒரு துளைகூடப் போடாமல், நீளமாகப் பலகை மட்டும் விரித்தோம். அக்கா தன் கையாலேயே வண்டியைச் சுற்றி ஏறி உள்ளே வந்தார். முதல் புத்தகத்தை எடுக்க ஒரு மணி நேரம் ஆக்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இனி யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவருக்குச் சொல்கிறேன்: யாருமே வராவிட்டாலும் அந்தப் பலகை கிடக்கும். மனுப் போட்டு, காத்துக் கிடந்து, அவமானப்பட்ட பிறகுதான் ஒருவருக்கு வழி என்கிற புத்தி என்னோடு ஒழியட்டும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நகலும், நாங்கள் அவரிடம் கொடுத்துவைத்திருந்த பக்கவாசல் சாவியும். கமிட்டி வேண்டுமானால் என்னை நீக்கட்டும். பலகையைத் தொட விடமாட்டேன்.