கயிற்றுக்கு உள்ளே நின்ற மோட்டார் சைக்கிள்

என் மனைவி ஐம்பது வயதில்தான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகினாள். பிரெஞ்சு பேசும் இந்த நகரின் செயின்ட்-மிஷேல் பக்கம் கார்டரி என்கிற பகல் காப்பகம் ஒன்றில் அவளுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. எங்கள் சனம் சிரித்தது. அவள் பொருட்படுத்தவில்லை. பனி கரைந்ததும் தன் சின்ன வண்டியை வெளியே எடுத்துவிடுவாள். சனிக்கிழமைகளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை ஓடுவாள். வழி முழுக்கப் பயந்தது நான்தான்.

அந்தக் காலத்தில் பெயர்போன பழைய பிரித்தானியக் கொம்பனி ஒன்று புது வண்டியொன்றை அறிவித்தது. பெரிய கார்களுக்குக்கூட இல்லாத வலு அதற்கு என்றார்கள். விற்பனைக்கு வரவில்லை, சோதனைக்காகச் செய்த ஒன்றிரண்டுதான் இருந்தன. அவள் அதன் படங்களைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டாள். வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை, ஒருக்கா ஏறியிருந்து பார்த்தால் போதும் என்றாள்.

பனி கொட்டும் மாரியில் டவுன்டவுன் கண்காட்சிக்கு அதில் ஒன்று வந்தது. சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் அங்கு நின்றவரிடம் பிரெஞ்சில் எஞ்சினைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சந்தோஷப்பட்டுக் கயிற்றை உயர்த்தி அவளை உள்ளே விட்டார். ஏறி இருந்தாள். கிளட்சைப் பிடித்துப் பாருங்கள் என்றார் அவர். இடது கை விரல்கள் அதைச் சுற்றி மடிந்தன, ஆனால் அழுத்தவில்லை. மறுபடி முயன்றாள். விரல்கள் நடுங்கின. புது வண்டி, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார். நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லி இறங்கினாள்.

மெட்ரோவில்தான் வாய் திறந்தாள்.

"கொஞ்ச நாளா இந்தக் கை சொல்லுக் கேக்குதில்லை. பிள்ளையளின்ர சப்பாத்துக் கயிறும் கட்டேலாமக் கிடக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வண்டியைத் தொட விடமாட்டீங்கள்."

உண்மைதான். விடமாட்டேன்.

பார்க்கின்சன் என்றார் டாக்டர். வசந்தத்தில் அவளே ஆள் தேடித் தன் வண்டியை விற்றாள். வாங்கியவருக்கு அதன் குணங்களையெல்லாம் விளக்கினாள். அவர் ஓட்டிப்போய்த் தெருமுனையில் திரும்பிய பிறகும் நடைபாதையிலேயே நின்றாள். கூப்பிடப் போன நான் கதவடியில் நின்றுவிட்டேன்.

போன வருடம் அந்தக் கொம்பனி, கண்காட்சிக்கு வந்த அந்தப் பெரிய வண்டியைச் செய்யும் திட்டத்தைக் கைவிட்ட செய்தியைப் போனில் வாசித்தேன். அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் அவளே அந்தக் கதையை எடுத்தாள்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"அண்டைக்கே வாசிச்சனான். உங்களுக்குக் கவலையாப் போகும் எண்டு விட்டிட்டன்."

நானும் அப்படித்தான் மறைத்தேன் என்றேன். கொஞ்சம் சிரித்தாள்.

"வராதது நல்லதுதான். ஆரும் ஓடித் திரியிறதை நான் பாக்கத் தேவையில்லை," என்றாள். நான் கோப்பைகளை எடுக்க எழுந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"இல்லையப்பா. அது வந்திருக்கலாம்."