நரம்பில் ஏறிய மீன்

எண்ணெய் விற்கிறவனுக்குக் கை வழுக்கும். ஆஸ்பத்திரிக்கு நரம்பில் ஏற்றும் எண்ணெய் விற்கிறவனுக்கு நாக்கு வழுக்கும். மருந்து சப்ளை செய்து திட்டு வாங்குகிற மாத்தளைச் சகோதரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் வெள்ளைதானே

யட்டவத்த சந்தையில் மிளகு விற்றுப் பேரம் படித்த முஸ்லிம் வியாபாரி நான்; ஊரில் எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். குடலில் ஆபரேஷன் செய்த ஒரு லொறி டிரைவருக்கு வாரக்கணக்காக நரம்பு வழியாகத்தான் சாப்பாடு. நான் கொடுத்த, பால்போல் வெள்ளையாகக் கரைத்த சோயா எண்ணெய்ப் பைதான் ஏறிக்கொண்டிருந்தது. ஈரல் கெடத் தொடங்கியதும், சோயாவோடு தேங்காய், ஒலிவ், மீன் எண்ணெய்களும் கலந்த பை வேண்டும் என்றார் டொக்டர். என் ஸ்டோரிலோ சோயா குவிந்து கிடந்தது. "அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை" என்று மருந்துப் பகுதி மிஸ்ஸிடம் கத்தினேன். அவர் தலை நிமிரவே இல்லை.

"சுண்ணாம்பும் வெள்ளைதான், நானா. தேத்தண்ணியில போட்டுக் குடிக்கிறீங்களா?"

கவிழ்த்த சட்டி

கொழும்பு ஏஜண்டோடு சண்டை போட்டுக் கலவைப் பையைக் கொண்டுவந்தால், வார்ட் வாசலில் டிரைவரின் மனைவி மறித்தாள். "மீன் எண்ணெயா? அம்மன் தேர் முடியுற வரைக்கும் நாங்க விரதம். மீன் சட்டியையே கவுத்து வச்சிருக்கோம்."

மீன் இல்லாத ஒலிவ் பையும் உண்டு, ஆனால் இவர் ஈரலுக்கு இதுதான் நல்லது, முடிவு உங்களுடையது என்றார் டொக்டர். எனக்குச் சூடு தலைக்கேறியது. "நரம்புல போறதுக்கு என்னம்மா விரதம்?" என்றேன். அவள் என் தொப்பியைப் பார்த்தாள்.

"அப்ப நோன்பு நேரத்துல நீங்க ஊசியில சூப்பு ஏத்திக்குவீங்களா, நானா?"



கட்டில்காரர்

கடைசியில், கேட்க வேண்டியவரிடமே கேட்டோம். டிரைவர் கண்ணைத் திறந்தார். "சாமிக்கு வாயத்தான் கட்டிக் குடுத்தேன், நரம்ப இல்ல. ஏத்துங்க." மனைவி கோயிலுக்குப் போய் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். பை ஏறியது.

ஈரல் தேறியது, குடலும் வேலை செய்தது. தேர் முடிந்து வெகுநாள் கழித்து நான் போனபோது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு மீன் உள்ள போயிருக்கு, ருசி மட்டும் வந்து சேரல. சப்ளை பண்ணுனது நீங்கதானே, நானா?"

பேரத்தில் யாருக்கும் இறங்காத நான், டொக்டர் மீன் சாப்பிட அனுமதித்த அன்றே ஒரு பொதி நெத்தலிக் கருவாட்டோடு அவர் வீட்டுப் படியேறியதுதான் அந்த வியாபாரத்தில் நான் கண்ட இலாபம்.