அங்காயி பார்த்த இஞ்சு டேப்

1. டி.சி.

"ஏனுங்க வாத்தியாரே, பையனுக்கு டி.சி. குடுத்துருங்க. தறியில உக்கார வச்சுக்கறேன்."

கேட்டவர் வெண்ணந்தூர் நெசவாளி செங்கோடன். இரண்டாம் உலக யுத்த காலம். நான் ராசிபுரத்தில் ஹைஸ்கூல் ஆசிரியர். அவர் மகன் அர்த்தநாரி ஐந்தாவது பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், நன்றாகப் படிப்பவன். ஏன் நிறுத்துகிறீர்கள் என்றேன்.

"பதினாறு வயசுப் பசங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்தே பட்டாளத்துக்குப் பிடிக்கறாங்களாமில்லீங்க. ஊரே பேசுது. எனக்கு ஒத்தப் பையனுங்க."

திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

2. மூன்று பேர்

ஆசிரியர் ஆகுமுன் சென்னையில் பத்திரிகை நிருபராக இருந்தேன். அந்தப் பழக்கத்தில் சனிக்கிழமைதோறும் 'செய்தி பீரியட்' என்று ஒன்று நடத்தினேன். பேப்பரில் வருவதையும் ஊரில் பேசுவதையும் எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பாடம். ஒருவர் பேச்சை மட்டும் நம்பாதே என்பேன். மாணவர்கள் தாங்களாகவே அதை மூன்று பேர் என்று கணக்காக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை பட்டாளப் பேச்சையே பாடமாக எடுத்தேன். "சரிபாத்துட்டேனுங்க சார்" என்றான் அர்த்தநாரி. "மூணு பேர்கிட்டக் கேட்டேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க."

பக்கத்தில் இருந்த ராமசாமி, "அப்பச் சரி. தொப்பி அளவு என்னடா?" என்றான். வகுப்பே சிரித்தது. அர்த்தநாரி சிரிக்கவில்லை.

"அந்த மூன்று பேருக்கும் யார் சொன்னார்கள்?"

"அதைக் கேக்கலீங்களே சார்."

3. பாவடி

மறுநாள் விடியற்காலையில் அர்த்தநாரி, ராமசாமி இருவரையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூர் போனேன். நெசவாளிகள் பாவு நீட்டும் பாவடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அறுந்த இழையைப் பிணைப்பார்கள். கை வேலை செய்யும். வாய் சும்மா இருக்காது. ஒரு முனையில் சொன்னது மறுமுனைக்குப் போய்விடும்.

அர்த்தநாரி விசாரித்த மூவரும் அங்கே ஒரே பாவில் அடுத்தடுத்து நின்றார்கள். முதலாமவர் இரண்டாமவரைக் காட்டினார். அவர் மூன்றாமவரைக் காட்டினார்.

"மோர்க்கார அங்காயி சொல்லுச்சுங்க" என்றார் மூன்றாமவர்.

அங்காயி ராசிபுரத்துக்கு மோர் விற்கப் போய்வருகிறவர். வீட்டுக்கே போனோம். பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னேன்.

"உங்க இஸ்கூல் சுவத்தோரமா வந்தனுங்க சாமி. டிராயர் போட்ட மீசைக்காரரு பசங்களை வரிசையா நிக்க வச்சு நெஞ்சை டேப்புல அளந்தாரு. 'இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்'னாரு. என்ற தம்பியைப் பட்டாளத்துக்கு எடுத்தப்ப இப்படித்தானுங்க அளந்தாங்க."

மீசைக்காரர் எங்கள் டிரில் மாஸ்டர். ஆள் எடுத்தது கபடி டீமுக்கு. அளவு எடுத்தது பனியனுக்கு.

"டேய், நீயும்தானடா அளவு குடுத்தே!" என்றான் ராமசாமி.

"அது பனியனுக்குடா!"

"அதைத்தாண்டா நானும் சொல்றேன்."

அங்காயி பார்த்ததில் பிழை இல்லை. பட்டாளம் என்பது அவருடைய ஊகம். பதினாறு வயது என்பது பாவடியில் சேர்ந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

4. திங்கட்கிழமை

செங்கோடன் வந்தார். முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அளந்தப்ப நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்களும் யாரோ சொல்லித்தான் சொல்றீங்க."

அவர் நேரே மைதானத்துக்குப் போனார். நல்லவேளை, பனியன் மூட்டை தையல்காரரிடமிருந்து வந்திருந்தது. டிரில் மாஸ்டர் பிரித்துக் காட்டினார். செங்கோடன் ஒன்றை எடுத்து மகனுக்கு மாட்டி, நாலடி தள்ளி நின்று பார்த்தார். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி மஞ்சள்.

"இதைப் போட்டுக்கிட்டுச் சண்டைக்குப் போனா எதிரி மூணு மைலுக்கு அப்பாலயே பாத்துருவான். டி.சி. வேண்டாமுங்க."

அடுத்த சனிக்கிழமை பாடத்தைத் திருத்தினேன். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதே. முதலில் பார்த்தவர் யார், பார்த்தது என்ன என்று கேள். வாத்தியார் சொன்னாலும் மைதானம் வரை ஒரு நடை போய்ப் பார்த்து வா.