பிள்ளைக் காம்பராவில் எரிந்த நீல நெருப்பு

எழுபதுகளின் கடைசியில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். லிந்துலைக்கு மேலே, பனி விலக நேரமாகிற மலை. தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார்கள். பால் காய்ச்ச, கஞ்சி வைக்க, வெந்நீர் போட, எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்புத்தான். அதில் எரிப்பது கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு என்போம். மழை மாதத்தில் அது ஈரமாகத்தான் வந்து சேரும். எரியாது, புகையும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் கண் சிவந்து இருமும். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, என் கையில் இருந்த பிள்ளை ஒன்றுகூட விழுந்து அடிபட்டதில்லை. அந்தப் புகையிடம் மட்டும் என் சாமர்த்தியம் செல்லவில்லை.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எங்களை நிற்கவைத்துப் பொறுமையாகச் சொன்னார். மண்ணெண்ணெய் விலை ஏறுகிறது, காட்டில் விறகு குறைகிறது, அதனால் மாட்டுச் சாணியிலிருந்து வாயு எடுத்து அடுப்பு எரிக்க முடியுமா என்று அரசாங்கம் பார்க்கிறதாம். முதலில் சில தோட்டங்களில் மட்டும் வைப்பார்கள். பிறகு பெரிய அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். நன்றாக எரிந்தால் அடுப்பு இங்கேயே இருக்கும், நாங்கள் குடியிருக்கிற லயங்களுக்கும் கொடுக்கலாம் என்று மேலே எழுதுவார்கள். எரியாவிட்டால் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அவர் போனதும் ஒருத்தி சொன்னாள், "சாணியில அடுப்பு எரியுமாம்லக்கா. அப்ப எங்க மாமியா வாயில வட்டகொடைக்கு ரயிலே ஓட்டலாம்."

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு வட்டக் குழி வெட்டிச் செங்கல் கட்டினார்கள். அதற்குள் ஓர் இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தார்கள். பீப்பாயிலிருந்து என் அடுப்புக்கு ஒரு குழாய். மாட்டுப்பட்டியிலிருந்து சாணி வரும், தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நாற்றம் மட்டும் நடந்தது. பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், பீப்பாய் முழங்கால் உயரம் எழும்பி நிற்கிறது. யாரும் தூக்கவில்லை. அந்தப் பாரத்தை நாலு ஆண்கள் சேர்ந்துதான் இறக்கியிருந்தார்கள். நான் அதன்மேல் கையை வைத்தேன். சினைப்பசுவின் விலாவில் கை வைத்த மாதிரி இருந்தது. பட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஆள் அனுப்பி அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் குழாயைத் திருகி நெருப்புக்குச்சியைக் காட்டினார். பக்கென்று பிடித்தது. நீலமாக எரிந்தது. நெருப்புக்கு இப்படி ஒரு நிறம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். புகை இல்லை, சாம்பல் இல்லை, ஊதாங்குழலுக்கு வேலை இல்லை. பால் பொங்கி வந்தது. சட்டியை இறக்கி அடியில் விரலால் தடவினேன். கரி ஒட்டவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த தாய்மார் ஒவ்வொருத்தியிடமும் அந்த விரலைக் காட்டினேன்.

ஒருத்தி ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்துவந்து குழிக்கு முன்னால் ஏற்றப் போனாள். அதிகாரி பதறிவிட்டார். "ஐயோ, உதுக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டு வராதேங்கோ அம்மா!"

"சாமி இல்லீங்களா தொரை?"

"சாமிதான், சாமிதான். ஆனால் கற்பூரம் வேண்டாம். வெடிச்சுப்போடும்."

அதனால் பீப்பாய்க்குக் குங்குமப் பொட்டு மட்டும் வைத்தோம். பிறகு வந்த மழை மாதத்தில் என் பிள்ளைகள் இருமாமல் தூங்கின. நான் தொட்டில்களுக்கு நடுவில் நின்று அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்போதுதான் செய்தி வந்தது, கொழும்பிலிருந்து பெரியவர்கள் சோதிக்க வருகிறார்கள் என்று.

தோட்டத்தில் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். லயத்துக்கு வெள்ளை அடிப்போம், சாக்கடைக் கானைக் கழுவுவோம், பாதை ஓரத்துப் புல்லைச் செதுக்குவோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து பழகின பழக்கம். எங்கள் வேலையாட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி வந்து குழியை எட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"குழி பூராவும் நாறிக் கெடக்கு. கொழும்புத் தொரைமாருங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருவாங்க. தூக்குங்கடா பீப்பாய!"

பழைய சாணிக் கரைசலை வாளி வாளியாக இறைத்துத் தேயிலைக்குள் ஊற்றினார்கள். தும்புக்கட்டை போட்டுச் செங்கல்லைத் தேய்த்தார்கள். பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். வெளிச்சுவருக்கு வெள்ளை, பீப்பாய்க்கு வெள்ளிநிறப் பெயின்ட். அப்புறம் உள்ளே புதுச் சாணியாகக் கரைத்து ஊற்றினார்கள். சாணி இருந்தால் வாயு வரும், பழசைவிடப் புதுசு நல்லது, இதுதான் எங்கள் எல்லாருடைய கணக்கும். முதல் தடவை வாரக்கணக்கில் காத்திருந்தது அந்த அவசரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. நான் சுற்றிவரக் கோலம் போட்டேன். அவ்வளவு அழகான சாணிக்குழியை இந்த மலைநாட்டில் எவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

அதிகாரிகள் வந்த காலையில் பீப்பாய் அடியில் உட்கார்ந்திருந்தது. நான் குழாயைத் திருகிக் குச்சியைக் காட்டினேன். குச்சிதான் என் விரல் வரைக்கும் எரிந்தது. இன்னொரு குச்சி கிழித்தேன். அதுவும் அப்படித்தான். கொழும்பிலிருந்து வந்தவர்களில் மூத்தவர், நரைத்த தலை, சிங்களத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். இது வேலைக்கு ஆகாது என்று சொன்னது எங்களுக்கும் விளங்கியது.

"நேத்து முந்தாநேத்து வரைக்கும் எரிஞ்சிச்சுங்க தொரை," என்றார் பெரிய கங்காணி. அவருடைய குரலே உள்ளே போய்விட்டது.

யாழ்ப்பாணத்து அதிகாரி குழிக்குப் பக்கத்தில் குனிந்தார். மோந்து பார்த்தார். "ஆர் உதுக்குள்ளை பினாயில் ஊத்தினது?"

பெரிய கங்காணிக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு நல்ல காரியத்தையாவது கவனித்தார்களே என்று நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தாங்க! போத்தல் போத்தலா ஊத்தச் சொன்னேன். ஒரு புழு பூச்சி இருக்காதுங்க!"

அதிகாரி வெள்ளையடித்த சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "உது வெறும் குழி இல்லை ஐயா. வயிறு. உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கிடந்தது. சாணியை அதுகள் திண்டு செரிக்கேக்கை வாற காத்துத்தான் எரியிறது. நீங்கள் எல்லாத்தையும் சாக்காட்டிப் போட்டியள்."

அத்தனை நாளும் என் அடுப்புக்குப் பின்னால், இருட்டுக்குள், கோடானுகோடி உயிர்கள் கிடந்து என் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சியிருக்கின்றன. அதை நினைத்து வியக்க எனக்கு நேரமில்லை. மூத்தவர் பேனாவைத் திறந்துவிட்டார். இன்றைக்குக் கண்டதைத்தான் எழுத முடியும் என்றார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் முன்னால் போய்ச் சொன்னேன். கையெழுத்துப் போட மட்டும் படித்தவள்தான், வாய்க்கு என்ன குறை? "மஹத்தயா, இது இப்ப எழவு வீடு. எழவு வீட்டுக்கு வந்துட்டு, இங்க என்னைக்குமே ஆள் வாழ்ந்ததில்லன்னு எழுதுவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை மூடினார். திம்புள்ளப் பக்கத்தில் இன்னும் சில தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது, எல்லாம் முடிந்ததும் ஒரு தடவை வருவேன், அன்றைக்கும் எரியாவிட்டால் அடுப்பு போய்விடும் என்றார்.

பினாயில் வாசம் போகும்வரை கழுவிக் கழுவி இறைத்தோம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி இதற்கும் உறை வேண்டுமாம். யாழ்ப்பாணத்து அதிகாரி, நன்றாக எரிகிற வேறொரு தோட்டத்துக் குழியிலிருந்து பழைய கரைசலை லொறியில் அனுப்பினார். அந்த உயிர்களுக்குக் குளிர் ஆகாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் மலையிலோ எந்நேரமும் குளிர்தான். நான் மிலாறு அடுப்பைத் திரும்ப மூட்டி, பிள்ளைகள் இரும இரும, வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துச் சாணி கரைத்துக் கொடுத்தேன். குழியைச் சுற்றி மானாப்புல்லைக் குவித்தோம். பெண்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை, மலையை விட்டு இறங்கியதும் அவிழ்த்து, பிள்ளை பெற்றவளுக்குப் போர்த்துகிற மாதிரி பீப்பாய்மேல் போர்த்திவிட்டுப் போனார்கள்.

பெரிய கங்காணி தினமும் வந்து கையாலேயே சாணி கரைத்தார். மாமியார் வாயில் ரயில் ஓட்டியவள் விடவில்லை. "பினாயில் கொண்டாரட்டுங்களா கங்காணியாரே?"

"வாய மூடு புள்ள. அதுக்குக் காது கேக்கும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களில் யாரும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் அப்போதெல்லாம் சத்தமாகப் பேசவில்லை.

நாட்கள் போயின. ஒவ்வொரு காலையும் படங்குகள் தட்டையாகவே கிடந்தன. ஒரு நாள் பனிக்குள் போய்ப் பார்க்கிறேன், படங்குகள் ஒரு பக்கம் மேடாக இருந்தன. விரல் கடை அளவு இருக்கும். அடுத்த நாள் ஒரு சாண். ஒன்றுமில்லாத இடத்தில் உயிர் வந்து, அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. நான் ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டேன்.

மூத்தவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். ஒரே குச்சியில் பிடித்தது. அவர் குனிந்து அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அது பழகவில்லை என்று தெரிந்தது. தேத்தண்ணீர் போடச் சொன்னார், குடித்தார், எழுதினார். அடுப்பு இங்கேயே இருக்கும் என்றார். லயங்களுக்குக் கொடுப்பதை மேலே இருப்பவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும், கொடுக்கலாம் என்று தான் எழுதியிருப்பதாகச் சொன்னார். இனிமேல் எந்தத் தோட்டத்தில் வைத்தாலும், உள்ளே இருப்பது உயிர் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் குழி வெட்ட வேண்டும் என்று யாழ்ப்பாணத்து அதிகாரியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

ஜீப் கிளம்பும்போது பெரிய கங்காணி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போனார். "தொரை, அடுத்த தடவ நீங்க பாக்க வர்றப்ப குழிய எப்பிடி வச்சிருக்கணும்?"

"ஊத்தையாய் வச்சிருங்கோ," என்றார் யாழ்ப்பாணத்து அதிகாரி.

அழுக்காக வைத்திரு என்று ஓர் உத்தரவைக் கங்காணியார் ஆயுளில் வாங்கியதில்லை. இதை எப்படி ஆட்களுக்குச் சொல்வது என்று கேட்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பால் பொங்கிவிடும் என்று நான் உள்ளே போய்விட்டேன்.