வலை இல்லாமல் போன வள்ளங்கள்

2026 பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். பனி பெய்து ஓய்ந்திருந்தது. மைனஸ் ஒன்பது டிகிரி. கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிஃபாக்ஸ் என்னும் துறைமுக ஊரில், சாலையோரம் நின்றிருந்தேன். வீட்டுக்குள் போன் சரியாகக் கேட்பதில்லை, அதனால் வெளியே வந்து அழைப்புக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிய பெண் சிரித்தபடி, போங்கள் என்று கையைக் காட்டினாள். தூத்துக்குடியில் உப்பு லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தவன் நான். இங்கே சும்மா நின்றாலே வண்டி நின்றுவிடுகிறது. நிறுத்தியவளை ஏமாற்றக் கூடாது என்று அந்தப் பக்கம் போனேன். திரும்பி வருவதற்கும் ஒருவர் நிறுத்தினார். இந்த மாதத்தில் மட்டும் தேவையில்லாமல் பதினான்கு முறை கடந்துவிட்டேன்.

எண்ணுவது என் தொழில்நோய். தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை எல்லாவற்றையும் நின்று எண்ணியவன். மனைவி போன பிறகு ஒரே மகள் ஜெசிந்தா என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றி ஆராய்கிறாள். கருவி எடுக்கும் முடிவால் யாருக்குக் கேடு வரும், யாரைக் கேட்காமல் அதைச் செய்தார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. இதைப் பிறருக்கு விளக்க நான் படும் பாடு கொஞ்சமல்ல. பக்கத்து வீட்டுக் கிழவரிடம், இயந்திரம் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பவள் என்றேன். மறுநாள் அவர் பனி தள்ளும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்றார். புன்னைக்காயலில் இருக்கும் என் மைத்துனன் சூசை போனில் கேட்டான்: "கம்ப்யூட்டருக்கு ஞானோபதேசம் படிச்சுக் குடுக்காளாக்கும். அதுக்குப் புதுநன்மை எப்ப அத்தான்? முன்னாலயே சொல்லுங்க, சட்டை எடுக்கணும்." ஞானோபதேசம் படித்து முடித்த பிள்ளைகள் கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் விழாதான் புதுநன்மை.

போன ஆண்டு அவள் கைக்கு வந்தது, நம் கரைக்கென்றே செய்த ஒரு செயலி. விடியுமுன் போனைத் திறந்தால், கடலுக்குப் போகலாம் என்றால் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு. காற்றும் அலையும் பற்றிய பழைய பதிவுகளோடு, வள்ளங்களில் இருந்த கருவிகள் ஆறு ஆண்டு அனுப்பிய தடங்களையும் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். எந்த மாதிரிக் கடலில் நிறைய வள்ளம் போய், போனதெல்லாம் பத்திரமாகத் திரும்பியதோ அந்த மாதிரிக் கடல் நல்ல கடல் என்று அது கற்றுக்கொண்டது. பாதுகாப்பானதுதான் என்று நவம்பர் முடிவதற்குள் ஜெசிந்தா கையெழுத்திட வேண்டும். அவள் சம்பளம் வந்ததே அந்தச் செயலியைச் செய்த நிறுவனத்திடமிருந்துதான். வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

கையெழுத்துக்கு முன் அவள் தடங்களை ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்தாள். வழக்கமான நாளில் வள்ளங்கள் விசிறிபோல் பிரிந்து போகும், வலை போட்டு நிற்கும், திரும்பும். பதினொரு நாளில் மட்டும் அப்படியில்லை. ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகப் போவதும் வருவதும், வயலை உழுத மாதிரி. எதுவும் எங்கேயும் நிற்கவில்லை. காற்றோ பேய்க்காற்று. "பெரிய மீன்கூட்டம் வந்திருக்கும்" என்றார் அவளுடைய தலைமைப் பேராசிரியர் மார்க். நல்ல மனிதர், கடற்கரையில் பிறந்தவர் அல்ல. ஜெசிந்தா வீட்டுக்கு வந்து சூசைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, போன ஆடியில, மாதா கொடியேத்தத்துக்கு மறுநாள், எல்லா வள்ளமும் எங்க போனிய?"

"அன்னைக்கா? பெரியதாழைக்காரன் ஒருத்தன் கடல்ல விழுந்துட்டாம்ளா. தேடப் போனோம்."

"கடல் எப்படி இருந்துச்சு?"

"மனுசன் போவானா அந்தக் கடல்ல? தேடுறதுன்னா போவத்தான செய்யணும். ஏளா, நீ என்ன புதுசாக் கேக்க? உங்க லாரன்ஸ் மாமாவ எப்படித் தேடுனோம்?"

லாரன்ஸ் என் மனைவியின் கடைசித் தம்பி. கச்சான் என்னும் மேற்குக் காற்று அடித்த நாளில் வள்ளத்திலிருந்து விழுந்தான். அப்போது ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. கோயில் மணி அடித்ததும் வலையை எல்லாம் மணலில் இறக்கிப் போட்டுவிட்டு ஊரே கடலில் இறங்கியது. நான் அலைவாய்க்கரையில் நின்று எண்ணினேன். பொழுது சாய்ந்ததும், "ஐம்பத்திரண்டு போச்சு, ஐம்பத்திரண்டும் வந்துட்டு" என்றேன். என் மனைவி என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் அவனை மணப்பாட்டுக்குத் தெற்கே எடுத்தார்கள்.

அந்தச் செயலியும் என்னைப் போலவே எண்ணியிருக்கிறது. அத்தனை வள்ளமும் போயின, அத்தனையும் வந்தன, ஆகவே பச்சை. அடுத்த முறை அதே காற்று எழும்போது, யாரையும் தேடாமல் வெறுமனே மீனுக்குப் போகிறவனுக்கும் அது பச்சையே காட்டும்.

"ஆறு வருசத்துல பதினொரு நாள்தானேம்மா" என்றேன், வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு.

"அந்தப் பதினொரு நாளும் ஒரு வீட்டுல அடுப்பு எரியலப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மறுநாள் கூட்டத்தில் அதையே ஆங்கிலத்தில், வரைபடத்தோடு, ஒரு மணி நேரம் சொன்னாளாம். கையெழுத்துப் போடவில்லை.

டிசம்பரோடு நிறுவனம் அவள் சம்பளத்தை நிறுத்தியது. மார்க் பல்கலைக்கழகத்தில் மன்றாடி அரைச் சம்பளம் வாங்கிக் கொடுத்தார். வேலை அனுமதி தப்பியது. ஒவ்வொரு ஊரிலும் தேடப் போன நாட்களைக் கேட்டறியும்வரை செயலியை வெளியிடக் கூடாது என்று அவர் எழுதிய கடிதத்துக்கு நிறுவனமும் கடைசியில் இணங்கியது. யார் போய்க் கேட்பது என்ற பேச்சு வந்தபோது, ஜெசிந்தா, நான் போகிறேன் என்றாளாம். ஆயிரம் மூட்டையை எண்ணிச் சரியாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்தும், இது சரியில்லை என்று எழுந்து நிற்க எனக்குத் தெரிந்ததில்லை. அது என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

எட்டு இருபதுக்குப் போன் அடித்தது. ஜெசிந்தா போய்ச் சேர்ந்திருந்த புன்னைக்காயலில் மாலை ஐந்து ஐம்பது. "ப்பா, வாடக்காத்து கேக்குதா?" என்றாள். கேட்டது. காதுக்குள் புன்னைக்காயல் காற்று, காதுக்கு வெளியே ஹாலிஃபாக்ஸ் காற்று. போனைச் சூசை பிடுங்கினான். "அத்தான், நீங்க அங்கன பனியில நில்லுங்க. உங்க மவ இங்கன எங்க வீட்டுச் சாளைக் குழம்ப சட்டியோட தின்னு தீக்கா." அவன் பின்னால் அவள் சிரிப்பதும், யாரோ வள்ளம் இழுக்கக் கூப்பிடுவதும் கேட்டன. நான் பிறந்த கரையில் அவள். அவள் வாடகை கட்டும் வீட்டு வாசலில் நான். இன்னொரு கார் நின்றது. போனைக் காதில் வைத்தபடியே கடந்தேன்.

அவள் போய்வந்த பிறகுதான் பல்கலைக்கழகம் பயணச் செலவைத் தரும். தூத்துக்குடி போஸ்ட் ஆபீசில் போட்டிருந்த வைப்பை உடைத்தேன். ஒருவர் போகத்தான் பணம் காணும். ஹாலிஃபாக்ஸிலிருந்து தூத்துக்குடி, போக வர ஒரு டிக்கெட்: ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.