காலால் கேட்ட பாட்டு

போன வருடம் டிசம்பரில், ராயபுரத்தில் நடந்தது இது. திருவொற்றியூர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பழைய மாதா கோயிலின் ஊசிக் கோபுரங்களைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. எங்கிருந்தோ வருகிறவர்களெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், பக்கத்தில் இருக்கும் நாம் சுற்றிப் பார்க்கக் கூடாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உண்மையான காரணம் வேறு. அவர் விசைப்படகில் இன்ஜின் டிரைவர். அந்தச் சத்தத்திலேயே காலம் தள்ளிக் காது மந்தமாகிவிட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தித்தான் பேசுவார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ அதைக் கேலி செய்ய, அன்றோடு மனுஷர் வாயை மூடிக்கொண்டார். சோறு, தண்ணி தவிர வீட்டில் பேச்சே இல்லை. சண்டை போடக்கூட ஆளில்லாமல் நான் தவித்துப்போனேன். வெளியே கூட்டிப்போனாலாவது வாயைத் திறப்பாரா என்றுதான் கிளம்பினேன்.

மற்றவர்கள் செருப்போடு நுழைய, இவர் மட்டும் நம் கோயில் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். உள்ளே, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். கூரான வளைவுகள். வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையெல்லாம் சிவப்பும் நீலமும். சுற்றிலும் கிசுகிசுப் பேச்சு. இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மரத்தரையில் நின்றார்.

அப்போது மேல் மாடத்தில் யாரோ ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸ் ஒத்திகை போலிருக்கிறது. எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இவரோ குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். படகுப் பலகையில் வெறுங்காலை வைத்தே இன்ஜினின் கோளாறைச் சொல்லிவிடுகிறவர் அவர்.

"இன்னாமே, கேக்குதுமே! காலு வழியா கேக்குது!"

கோயிலே எதிரொலித்தது. எல்லோரும் திரும்பினார்கள், வாசிப்பும் நின்றுவிட்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. போச்சு, இனி இந்த ஜென்மத்தில் பேச மாட்டார் என்று நினைத்தேன்.

மாடத்திலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். நான் என் காதைத் தொட்டுக் கையை விரித்துவிட்டு, இவர் காலைக் காட்டினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, இவரையே மிஞ்சும் குரலில் கத்தினார்:

"அண்ணே, இது உனுக்குத்தான். நல்லா கேளு!"

மறுபடி தரை அதிர்ந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஓயாமல் பேசினார். பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன், செருப்பை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். அந்தக் குரல் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.